எதற்கு எவ்வளவு பயப்படலாம்?

இறப்புப் பதிவுப் புள்ளிவிவரத் துறையில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.

என் மகனுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் பத்து நிமிட நடைதான். ஆனாலும் பிள்ளை கடத்தல் செய்திகளைப் பார்த்த பிறகு தனியாக அனுப்ப மனசு வரவில்லை. தினமும் நானே காரில் கொண்டுபோய் விடுகிறேன். "கடத்தல் எல்லாம் லட்சத்தில் ஒன்று, புள்ளிவிவரத்தைப் பார்" என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?
– இரண்டு பிள்ளைகளின் அம்மா

கடத்தல் விஷயத்தில் உங்கள் கணவர் சொல்வது சரிதான். ஆனால் அவர் பாதிக் கணக்கோடு நின்றுவிட்டார். மீதிப் பாதி சாலையில் இருக்கிறது.

முதலில் கடத்தல். அமெரிக்க நீதித் துறை 1999ஆம் ஆண்டுக்காக ஒரு தேசியக் கணக்கெடுப்பு நடத்தியது. அந்த ஒரு வருடத்தில் காணவில்லை என்று புகார் வந்த பிள்ளைகள் சுமார் 7,97,500 பேர். இந்த எண்ணை மட்டும் கேட்டால் யாரும் பிள்ளையை வாசல் தாண்ட விடமாட்டார்கள். பிரித்துப் பார்த்தால் தாங்களாகவே வீட்டை விட்டுப் போனவர்கள், வழி தவறியவர்கள், சொல்லாமல் எங்கோ இருந்துவிட்டுத் தாமதமாக வந்தவர்கள், பிரிந்துபோன பெற்றோரில் ஒருவரே அழைத்துக்கொண்டு போனவர்கள் என்று இவர்கள்தான் பெரும்பகுதி. நம் மனசில் ஓடுகிற கடத்தல், அதாவது முன்பின் தெரியாத ஒருவரோ லேசாகத் தெரிந்த ஒருவரோ தூக்கிக்கொண்டு போய் ராத்திரி முழுக்க அடைத்துவைப்பது, பணம் கேட்பது, கொல்வது, அந்த வகை 115. அதே மாதிரி ஆய்வை 2011ஆம் ஆண்டுக்குத் திரும்ப எடுத்தபோது 105. 1999ல் அந்த நாட்டில் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் ஏறக்குறைய ஏழு கோடி. அப்படியானால் ஆறு லட்சம் பிள்ளைகளில் ஒருவர். அந்த 115 பேரில் பத்துக்கு நாலு பேர் கொல்லப்பட்டார்கள். அதனால் இதை அற்பம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அதே வருடம் அதே நாட்டில் சாலை விபத்தில் இறந்த பிள்ளைகள், 15 வயதுக்கு உட்பட்டவர்கள் மட்டுமே இரண்டாயிரத்துக்கும் மேல்.

இந்திய எண்களைப் படிக்கும்போது இன்னும் நிதானம் வேண்டும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கையில் பிள்ளைகளுக்கு எதிரான குற்றங்கள் 1,62,449. அதில் 45.7 சதவீதம் ஆள்கடத்தல் தலைப்பில் வருகிறது. இந்தத் தலைப்புக்குள் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். காணாமல்போன பிள்ளை பற்றிப் புகார் வந்தால் அதைக் கடத்தலாகவே கருதி வழக்குப் பதிய வேண்டும் என்று 2013ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு அது. அதற்கு முன்னால் எத்தனையோ ஏழைப் பெற்றோரைக் காவல் நிலையத்தில் வெறும் கையோடு திருப்பி அனுப்பினார்கள். ஆனால் அதன் விளைவாக, கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன பையனும், பெற்றோர் எதிர்த்த காதலில் கிளம்பிப்போன பதினேழு வயதுப் பெண்ணும், உண்மையாகவே விற்கப்பட்ட குழந்தையும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். தொலைக்காட்சியில் அந்த மொத்த எண்ணை மட்டும் வாசிக்கிறார்கள்.

இந்தப் பயம் வெறும் பயமாக நின்றுவிடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2018ல் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் இந்தியாவில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கூட்டம் அடித்தே கொன்றது. அப்போது சுற்றிய காணொளிகளில் ஒன்றில், பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானில் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். மூலப் படத்தில் அவர்கள் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, கடத்துவது எவ்வளவு சுலபம் என்று எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்ததை நம்பியதால் வழிப்போக்கர்கள் செத்தார்கள்.

சரி, இப்போது சாலைக்கு வருவோம். உலகம் முழுவதும் 5 வயதிலிருந்து 29 வயது வரை உள்ளவர்களின் இறப்புக்கு முதல் காரணம் சாலை விபத்து. நோய்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் எல்லா வயதினரும் சேர்ந்து வருடத்துக்கு 11.9 லட்சம் பேர் சாலையில் இறக்கிறார்கள். ஆக நீங்கள் பயப்படுவதில் தப்பில்லை அம்மா, பயம் திரும்பியிருக்கிற பக்கம்தான் வேறு.

அதற்காகக் காரை விட்டுவிட்டு நாளைக்கே தனியாக நடக்க விடுங்கள் என்று சொல்ல மாட்டேன். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு, எதிரே வரும் வண்டி எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்று கணிப்பது கஷ்டம். அது கவனக்குறைவு இல்லை, பார்வையும் மூளையும் இன்னும் பழகவில்லை. அந்தப் பத்து நிமிட வழியைப் பையனோடு நடந்து பாருங்கள். எத்தனை இடத்தில் சாலையைக் கடக்க வேண்டியிருக்கிறது, நடைபாதை இருக்கிறதா, வண்டிகள் என்ன வேகத்தில் வருகின்றன என்று அவன் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். நிறுத்தியிருக்கும் காருக்குப் பின்னால் நிற்கும் ஒன்பது வயதுப் பிள்ளையை ஓட்டுநருக்குத் தெரியாது, அவனுக்கும் வண்டி தெரியாது. மோதும் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 65க்கு ஏறினால் நடந்துபோகிறவர் இறக்கும் வாய்ப்பு நாலரை மடங்காகிறது. முப்பதுக்குள் என்றால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். வழியில் ஒரே ஒரு கடினமான இடம் இருந்தால் அது வரை கூடப் போய், அவன் சாலையைத் தாண்டியதும் திரும்பி வாருங்கள். காரில்தான் என்றால் அவன் உயரத்துக்கு ஏற்ற இருக்கையும் பெல்ட்டும் தினமும் இருக்கட்டும், பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் கூட. குழந்தை இருக்கை சரியாக இருந்தால் விபத்தில் பிள்ளை இறக்கும் வாய்ப்பு 60 சதவீதமாவது குறைகிறது. அப்புறம், பள்ளி வாசல் வரை காரைக் கொண்டுபோகாதீர்கள். காலை எட்டரை மணிக்கு அந்த வாசலில் நடந்து வரும் பிள்ளைகளுக்கு ஆபத்தாக நிற்பது மற்றப் பிள்ளைகளின் அப்பா அம்மா ஓட்டிவரும் கார்கள்தான்.

மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். "தெரியாதவர் மிட்டாய் கொடுத்தால் வாங்காதே, கூப்பிட்டால் போகாதே" என்று வருடா வருடம் சொல்லித் தருகிறோம். இது போதுமா?
– ஓர் ஆசிரியை

போதாது. எனக்கு இதில் ஆற்றாமை அதிகம்.

அமெரிக்காவில் காவல் துறைக்கு வந்த பாலியல் வன்முறை வழக்குகளை 2000ஆம் ஆண்டு ஆராய்ந்தார்கள். பாதிக்கப்பட்ட 18 வயதுக்கு உட்பட்டவர்களில், தெரியாத ஆளால் பாதிக்கப்பட்டவர்கள் 7 சதவீதம். குடும்பத்தினரால் 34 சதவீதம். தெரிந்தவர்களால் 59 சதவீதம். இந்தியாவில் போக்சோ சட்டப்படி பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளிலும் குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைக்குத் தெரிந்தவர் என்பது வருடா வருடம் 90 சதவீதத்தைத் தாண்டுகிறது. பாடத்தில் அந்நியரைப் பற்றி மட்டுமே சொல்லிக்கொடுத்துவிட்டு, நூற்றில் தொண்ணூறு சம்பவங்கள் நடக்கும் பக்கத்தைத் திறந்து விட்டுவிடுகிறோம்.

இன்னொன்று. நான் வேலை பார்த்த இறப்புப் பட்டியலில் இந்தக் கொடுமை கண்ணுக்கே தெரியாது. பிள்ளை உயிரோடு இருக்கும், பள்ளிக்கும் வரும். இறப்பு எண்ணிக்கையை வைத்து மட்டும் ஆபத்துகளை வரிசைப்படுத்தினால் இது எங்கோ அடியில் போய்விடும். அந்த வரிசை பொய். புகார் எண்ணிக்கையையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு மாநிலத்தில் வழக்குகள் இரட்டிப்பானால் கொடுமை இரட்டிப்பாகி இருக்கலாம், அல்லது பிள்ளைகள் சொல்வதைக் கேட்க ஆள் வந்திருக்கலாம். வழக்கே இல்லாத இடம்தான் எனக்குப் பயம் தருகிறது.

உங்கள் வகுப்பில் ஆளைப் பற்றிச் சொல்லாதீர்கள், செயலைப் பற்றிச் சொல்லுங்கள். யாராக இருந்தாலும், மாமா, அண்ணன், சார் என்று யாராக இருந்தாலும், உள்ளாடை மறைக்கும் இடத்தைத் தொட்டாலோ காட்டச் சொன்னாலோ அது தப்பு. "அம்மாகிட்ட சொல்லாதே" என்று யார் ரகசியம் வைக்கச் சொன்னாலும் அதை அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். ஒருவரிடம் சொல்லி அவர் நம்பவில்லை என்றால் அடுத்தவரிடம் சொல்ல வேண்டும், நம்பும் வரை சொல்ல வேண்டும். உறவினரைக் கட்டிப்பிடிக்க விருப்பமில்லாத பிள்ளையை வற்புறுத்தாதீர்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் நீங்கள்தான் சொல்ல வேண்டும். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

குழந்தைக்கு ஒன்றரை வயது. வீட்டிலேயே இருக்கிறேன், கண்ணை எடுப்பதே இல்லை. இந்த வயதில் எதற்கு அதிகம் கவனமாக இருக்க வேண்டும்?
– முதல் பிள்ளையின் தாய்

தண்ணீருக்கு.

இறப்புக்கான காரணங்களை உலகம் முழுவதும் ஒரே குறியீட்டு முறையில் எழுதுகிறார்கள். மூழ்குவதில் W65 குளியல் தொட்டி, W67 நீச்சல் குளம், W69 ஆறு, ஏரி, குளம் போன்றவை. வயதுவாரியாக அடுக்கும்போது ஒரு வயதிலிருந்து நாலு வயது வரையான கட்டத்தில் இந்த W எண்கள் வந்துகொண்டே இருக்கும். பார்த்துப் பார்த்துப் பழகவே இல்லை எனக்கு. 2021ல் உலகில் மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் கால்வாசி ஐந்து வயதுகூட ஆகாதவர்கள். அமெரிக்காவில் 1–4 வயதினரின் இறப்புக்கு முதல் காரணமே இதுதான்.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் தடுக்க முடியும். நடை பழகும் குழந்தைக்கு உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். பாதி நிறைந்த வாளியின் விளிம்பைப் பிடித்து உள்ளே எட்டிப் பார்க்கும். தலை முன்னால் போகும், கால் தரையை விட்டு எழும்பிவிடும். தண்ணீரின் கனத்தால் வாளி கவிழாது. தன்னைத் தானே தூக்கிக்கொள்ளும் பலம் அந்தக் கைகளுக்குக் கிடையாது. மூக்கும் வாயும் முங்கும் அளவு, ஒரு விரல் நீளத் தண்ணீர் போதும். சத்தம் வராது. கத்துவதற்கு மூச்சு வேண்டும், அந்த மூச்சுதான் அங்கே இல்லை. பக்கத்து அறையில் இருக்கும் உங்களுக்கு எதுவும் கேட்காது.

"கண்ணை எடுப்பதே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் எந்த மனுஷியாலும் அது முடியாது, முடியவும் வேண்டாம். வங்கதேசத்தில் பிள்ளைகள் ஏன் இவ்வளவு பேர் மூழ்குகிறார்கள் என்று ஆராய்ந்தபோது, பெரும்பாலும் காலை 9 மணிக்கும் மதியம் 1 மணிக்கும் நடுவில், வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் குளம் குட்டையில்தான் நடக்கிறது என்று தெரிந்தது. அது அம்மாக்களுக்கு வேலை உச்சத்தில் இருக்கும் நேரம். அங்கே யாரும் "இன்னும் கவனமாக இரு" என்று அம்மாவிடம் சொல்லவில்லை. ஊருக்குள்ளேயே ஒரு வீட்டில், பயிற்சி பெற்ற ஒரு பெண், அந்த நேரத்துக்கு மட்டும் சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். சேர்ந்த பிள்ளைகளிடையே மூழ்கி இறப்பது 82 சதவீதம் குறைந்தது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்ததில் 93 சதவீதம். 2012ல் வெளியான ஆய்வு இது. நான் படித்ததில் என்னை இந்த அளவுக்குச் சந்தோஷப்படுத்திய எண்கள் குறைவு.

அதனால் நீங்கள் காவல் இருப்பதைவிட வீட்டை மாற்றிவிடுங்கள். வாளியைப் பயன்படுத்திய கையோடு கவிழ்த்து வையுங்கள். நிறைத்துவைத்தே ஆக வேண்டும் என்றால் இறுக்கமான மூடி போடுங்கள். குளியலறைக் கதவுக்குக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள். தொட்டியில் குளிப்பாட்டும்போது கைபேசி அடித்தால் அடித்துக்கொண்டிருக்கட்டும், போகத்தான் வேண்டும் என்றால் ஈரத்தோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போங்கள். நீச்சல் குளம் உள்ள இடத்தில் குடியிருந்தால், வீட்டுப் பக்கத்தையும் சேர்த்து நாலு பக்கமும் வேலி, தானாக மூடிக்கொள்ளும் கதவு. மனையைச் சுற்றி மட்டும் வேலி போட்டு வீட்டுப் பக்கம் திறந்திருப்பதோடு ஒப்பிட்டால், நாலு பக்க வேலியில் சிறு பிள்ளைகள் மூழ்கும் வாய்ப்பு 83 சதவீதம் குறைவு.

ஒரு லட்சத்துக்கு இத்தனை என்று போடுகிறார்களே, எந்த ஒரு லட்சம்?
– கல்லூரி மாணவர்

இதைக் கேட்கத் தெரிந்துவிட்டால் பாதி தூரம் வந்துவிட்டீர்கள். இங்கிலாந்தில் 1971ல் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990ல் அது 9 சதவீதம். அந்தக் காலத்தில் சாலையில் இறந்த பிள்ளைகளின் எண்ணிக்கையும் நன்றாகக் குறைந்தது. மொத்தப் பிள்ளைகளால் வகுத்தால் சாலை பத்திரமாகிவிட்டது போலத் தெரியும். நடந்துபோன பிள்ளைகளால் வகுத்தால்? சாலையை விட்டே பிள்ளைகளை எடுத்துவிட்டார்கள். ஆற்றில் இறங்கவே இறங்காத ஊரில் யாரும் ஆற்றில் மூழ்க மாட்டார்கள் அல்லவா, அந்த மாதிரி. எந்த எண்ணைப் பார்த்தாலும், வகுக்கும் இடத்தில் கீழே நிற்பவர்கள் யார் என்று தேடுங்கள்: எல்லாப் பிள்ளைகளா, அந்தக் காரியத்தைச் செய்த பிள்ளைகளா, அவர்கள் செய்த மணி நேரங்களா?

நாங்கள் நாள் முழுக்கத் தெருவிலேயே வளர்ந்தோம், ஒன்றும் ஆகவில்லை. இப்போதுதான் காலம் கெட்டுவிட்டது. சரிதானே?
– பேரன் பேத்தி கண்ட ஒருவர்

நீங்கள் அனுபவித்த அந்தச் சுதந்திரம் அருமையானது ஐயா, உங்கள் பேரப் பிள்ளைகளுக்கும் அது கிடைக்க வேண்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். ஆனால் காலம் கெட்டுவிட்டது என்பதை எண்கள் ஒப்புக்கொள்ளவில்லை. 1990ல் உலகில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 93 பேர் ஐந்து வயதைத் தொடவில்லை. 2023ல் 37 பேர். உங்கள் சின்ன வயதில் அது 93ஐவிடவும் அதிகம். ஒன்றும் ஆகவில்லை என்று இன்றைக்குச் சொல்ல வருகிறவர்கள் ஒன்றும் ஆகாதவர்கள் மட்டும்தான். உங்கள் வகுப்பில் பாதியில் வராமல் போன பிள்ளை ஒருவராவது இருந்திருப்பார், யோசித்துப் பாருங்கள்.

நெதர்லாந்தில் 1971ல் சாலையில் 3,300 பேர் இறந்தார்கள், அதில் 400க்கும் மேல் பிள்ளைகள். அப்போது பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். "பிள்ளைக் கொலையை நிறுத்து" என்பதுதான் இயக்கத்தின் பெயரே. விபத்து என்ற பெயரை அவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. போராடியவர்கள் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக்கொள்ளவில்லை, வண்டிகளின் வேகத்தைக் குறைக்கச் சொன்னார்கள், சைக்கிளுக்குத் தனிப் பாதை கேட்டார்கள். இன்றைக்கு அங்கே எல்லா வயதிலும் சேர்த்து வருடத்துக்கு எழுநூறு பேர் சுமாருக்கு இறக்கிறார்கள். பிள்ளைகள் இன்னும் சைக்கிளில்தான் பள்ளிக்குப் போகிறார்கள்.

குறிப்பிட்ட ஒரு தடுப்பூசியால் வலிப்பு வரும் வாய்ப்பு இரண்டு மடங்காகிறது என்று ஒரு காணொளி பார்த்தேன். போடலாமா வேண்டாமா?
– பத்து மாதக் குழந்தையின் அப்பா

இரண்டு மடங்கு என்றால் எதிலிருந்து எதற்கு என்று கேளுங்கள். தட்டம்மை, புட்டாலம்மை, ரூபெல்லா ஆகிய மூன்றோடு சின்னம்மையையும் சேர்த்து ஒரே ஊசியாகப் போட்டால், முதல் தவணைக்குப் பிறகு காய்ச்சல் வலிப்பு வருவது இரு மடங்காகிறது என்பது உண்மை. பத்தாயிரம் குழந்தைகளில் சுமார் 4 பேருக்கு வருவது 8 பேருக்கு வருகிறது. காய்ச்சல் வலிப்பு பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் சில நிமிடத்தில் நின்று, பின்விளைவு இல்லாமல் போய்விடும். இரண்டு ஊசியாகப் பிரித்துப் போடும் வழியும் இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள். மறுபக்கத்தில் தட்டம்மை வந்த ஆயிரம் பிள்ளைகளில் ஒருவருக்கு மூளைக் காய்ச்சல். நல்ல மருத்துவ வசதி உள்ள நாட்டிலேயே ஆயிரத்துக்கு ஒருவரிலிருந்து மூன்று பேர் வரை இறக்கிறார்கள். 2023ல் உலகில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தட்டம்மையால் இறந்தார்கள், பெரும்பாலும் ஊசி போடாத சின்னக் குழந்தைகள். போடுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

மிக அரிதான ஒன்றால் என் தங்கை குழந்தையை இழந்தாள். தூங்க வைத்த குழந்தை எழுந்திருக்கவில்லை. "ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை" என்கிறார்கள். அவளுக்கு அது நூற்றுக்கு நூறு. உங்கள் எண்கள் அவளுக்கு என்ன சொல்லும்?
– பெயர் வேண்டாம்

அவளுக்கு ஆறுதலாக எண் எதையும் சொல்லாதீர்கள். ஆயிரத்தில் ஒன்று என்பது இன்னும் பிள்ளையைக் கையில் வைத்திருப்பவர்களுக்கான பேச்சு. நான் நிரப்பிய ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பிள்ளை இருந்தது, அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர் இருந்தது. அதை மறந்துவிட்டு ஒருநாளும் அந்த வேலையைச் செய்ததில்லை.

தன் மேல்தான் தப்பு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தால், அதற்கு மட்டும் ஒன்று சொல்ல முடியும். ஒரு காலத்தில் பல நாடுகளில் மருத்துவர்களே குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னார்கள். அம்மாக்கள் சொன்னபடி செய்தார்கள். 1980களின் கடைசியில் நியூசிலாந்திலும் பிரிட்டனிலும் இறந்த குழந்தைகளையும் உயிரோடிருந்த குழந்தைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் குப்புறப் படுப்பது ஆபத்து என்று உறுதியானது. மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று பிரிட்டனில் 1991லும் அமெரிக்காவில் 1994லும் பிரசாரம் செய்தார்கள். சில வருடங்களிலேயே காரணம் தெரியாத தொட்டில் மரணங்கள் ஏறக்குறைய பாதியாகின. அதற்கு முன்னால் இழந்த அம்மாக்கள் கவனமில்லாதவர்கள் இல்லை. தெரிந்ததை எல்லாம் செய்தவர்கள். இன்றைக்கும் எல்லாம் சரியாகச் செய்த வீட்டிலும் இது நடக்கிறது, ஏன் என்று முழுக்கத் தெரியவில்லை. அவள் செய்த ஏதோ ஒன்றால் நடந்தது என்று யாராவது சொன்னால், அவர்களிடம் நீங்கள் பேசுங்கள். பதில் சொல்லும் பாரத்தை அவள் மேல் விடாதீர்கள். குழந்தையைப் பெயர் சொல்லியே குறிப்பிடுங்கள், பெயர் கேட்டால் அவள் அழுதாலும்.

எட்டு வயதுப் பெண் விளையாட்டுத் திடலில் உயரமான ஏணியில் ஏறுகிறாள். விழுந்துவிடுவாளோ என்று பயந்து இறக்கிவிடுகிறேன். செய்யலாமா?
– ஓர் அப்பா

ஏற விடுங்கள். விழலாம், கை முறியலாம், அது நடக்கக்கூடியதுதான். உயிர் போவது மிக மிகக் குறைவு. அமெரிக்கா முழுவதும் 1990 முதல் 2000 வரை விளையாட்டுத் திடல் சாதனங்களால் இறந்த 14 வயது வரையான பிள்ளைகள் 147 பேர். அவர்களிலும் விழுந்து இறந்தவர்கள் 31தான். 82 பேர் இறந்தது கழுத்து இறுகி. சட்டையின் தொப்பியில் தொங்கும் நாடா, சறுக்குமரத்தில் யாரோ கட்டிவிட்டுப் போன கயிறு, இப்படிப்பட்டவை மாட்டிக்கொண்டதால். நாம் கீழே விழுவதையே பார்த்துக்கொண்டிருக்க, ஆபத்து கழுத்தருகே இருந்திருக்கிறது. அதே சமயம் உலகில் 11 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் போதுமான அளவு ஓடி ஆடுவதில்லை.

ஏணிக்குக் கீழே சிமெண்டோ இறுகிய மண்ணோ இருந்தால் அந்த ஏணி வேண்டாம். ஆழமாக மணலோ மரத்தூளோ ரப்பர் விரிப்போ இருந்தால் சரி. கழுத்தில் சால்வை, நாடா, கயிற்றில் கோத்த சாவி எதுவும் இருக்கக் கூடாது. கயிறு கட்டித் தொங்கினால் அவிழ்த்து எடுத்துவிடுங்கள். சைக்கிளில் வந்திருந்தால், தலைக்கவசத்தைக் கழற்றிவைத்துவிட்டு ஏறச் சொல்லுங்கள். கம்பிகளுக்கு நடுவே உடம்பு நுழைந்து கவசம் நுழையாமல் நின்றுவிட்டால், தாடைக்குக் கீழே உள்ள அதன் வார்தான் கழுத்தை இறுக்கும்.